கோப்பைத் திறக்க வேண்டியது ஷெல் அல்ல

ஒரு செயலிக்குள்ளிருந்து இன்னொரு நிரலை ஓட்டி, அது வெளியிடுவதைக் கோப்பில் சேமிக்கும் தேவை ஏறக்குறைய எல்லா மென்பொருள் குழுக்களுக்கும் வருகிறது. இரவோடு இரவாக டேட்டாபேஸுக்கு பேக்கப் எடுப்பது அதில் மிகப் பரவலான வேலை. அதற்கு நம் துறையில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட வழி ஒன்று இருக்கிறது. டெர்மினலில் மைஎஸ்க்யூஎல்டம்ப் என்று தொடங்கி, டேட்டாபேஸின் பெயரைக் கொடுத்து, > குறி போட்டு, கோப்பின் பெயரை எழுதி ஓட்டிப் பார்க்க வேண்டும். சரியாக வந்தால், அந்த வரியை அப்படியே மேற்கோள் குறிக்குள் வைத்து, எழுதும் மொழியின் சிஸ்டம் ஃபங்ஷனிடம் கொடுத்துவிட வேண்டும். பயிற்சிப் பாடங்கள் பலவும் இதையே கற்பிக்கின்றன. இந்த வழியின் மீது வழக்கமாகச் சொல்லப்படும் ஒரே குறை பாதுகாப்பைப் பற்றியது: பயனர் தட்டச்சு செய்தது எதுவும் கட்டளைக்குள் புகுந்துவிடக் கூடாது. அதற்குப் பதிலும் தயாராக இருக்கிறது. எங்கள் வரியில் பயனர் தருவது எதுவுமில்லை, எல்லாம் நாங்களே எழுதிய மாறிலிகள் என்கிறார்கள். விவாதம் அத்தோடு முடிந்துவிடுகிறது. அங்கே முடியக் கூடாது என்பதுதான் என் வாதம். பயனர் ஓர் எழுத்துகூடத் தராத இடத்திலும் அந்த வரி தவறானதே. கோப்பை எப்போது திறப்பது, அதில் ஏற்கனவே இருப்பதை என்ன செய்வது, அதை யார் யார் படிக்கலாம், பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது ஆகிய முடிவுகள் செயலிக்கு உரியவை. > குறியைச் சரத்துக்குள் எழுதும்போது இத்தனையையும் ஷெல்லிடம் கொடுத்துவிடுகிறோம். ஷெல் அவற்றை நமக்குச் சாதகமாக எடுப்பதில்லை.

முதலில் அந்தக் குறி யாருடையது என்று தெளிவாக வேண்டும். யூனிக்ஸ் குடும்பத்தில் ஒரு நிரல் தொடங்கும்போதே அதற்கு மூன்று டிஸ்கிரிப்டர்கள் தயாராக இருக்கும்: 0 உள்ளீட்டுக்கு, 1 வெளியீட்டுக்கு, 2 பிழைச்செய்திக்கு. நிரல் 1-இல் எழுதிக்கொண்டே போகும். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது திரையா, கோப்பா, பைப்பா என்று அது கேட்பதில்லை. ஷெல் > குறியைக் கண்டதும் ஃபோர்க் செய்து, பிள்ளைப் பிராசஸில் கோப்பைத் திறந்து, டூப்2 மூலம் அந்தக் கோப்பை 1 என்ற எண்ணில் பொருத்தி, அதற்குப் பிறகே எக்ஸெக் செய்து நிரலை வரவழைக்கிறது. மைஎஸ்க்யூஎல்டம்ப் அந்தக் குறியைப் பார்ப்பதே இல்லை. சுடோ போட்டு ஒரு கட்டளையை ஓட்டி, ரூட்டுக்கு மட்டுமே உரிமையுள்ள இடத்துக்கு > மூலம் எழுதப் பார்த்து, அனுமதி இல்லை என்ற பதிலைப் பெற்றவர்கள் எத்தனையோ பேர். கோப்பைத் திறக்க முயன்றது சுடோ அல்ல, அதை அழைத்த சாதாரணப் பயனரின் ஷெல். ஜாவாவின் ரன்டைம் எக்ஸெக்கிடம் அதே வரியைக் கொடுத்தால் நடுவில் ஷெல் இல்லாததால், > குறியும் கோப்பின் பெயரும் நிரலுக்கான ஆர்கியுமென்டுகளாகவே போய்ச் சேர்கின்றன. இரண்டு குழப்பங்களுக்கும் வேர் ஒன்றுதான். திருப்பிவிடும் வேலை கர்னலின் மிக எளிய வசதி. ஷெல் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் பல நிரல்களில் ஒன்று. நம் செயலியும் அதே வசதியை நேராகவே பயன்படுத்தலாம்.

ஷெல்லிடம் விட்டால் என்ன ஆகிறது என்பதை பேக்கப்பை வைத்தே பார்க்கலாம். மேலே சொன்ன வரிசையில் கோப்பைத் திறப்பது முதலில் வருகிறது, நிரல் ஓடுவது பிறகு வருகிறது. திறக்கும்போதே பழைய உள்ளடக்கம் முழுவதும் வெட்டப்பட்டுக் கோப்பு 0 பைட்டுக்கு வந்துவிடும். அதன் பிறகு டேட்டாபேஸின் கடவுச்சொல் மாறியிருப்பது தெரியவரலாம், சர்வர் பதில் தராமல் போகலாம், நிரலே அந்த இயந்திரத்தில் நிறுவப்படாமல் இருக்கலாம். எது நடந்தாலும் நேற்றைய நல்ல பேக்கப் அதற்கு முன்பே போய்விட்டது. இல்லாத ஒரு கட்டளையின் பெயரை எழுதி, > போட்டு, ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள்; கட்டளை கிடைக்கவில்லை என்று ஷெல் சொல்லும், கோப்பு மட்டும் காலியாகியிருக்கும். கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்துக்கொண்டால் போதுமே என்பார்கள். அதனால் நேற்றையது தப்பிக்கிறது, உண்மைதான். ஆனால் இன்றைய தேதியோடு, முழுமையான பேக்கப்புக்கு உரிய அதே பெயரில், பாதிக் கோப்பு ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. கடைசி ஏழு கோப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளும் துப்புரவு வேலை அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, உண்மையாக நன்றாக இருந்த ஒன்றை நீக்கிவிடும். காலிக் கோப்பையாவது யாராவது கவனிப்பார்கள். இணைப்பு நடுவில் அறுந்து முக்கால்வாசி எழுதப்பட்ட கோப்பு பார்வைக்கு நல்ல கோப்பைப் போலவே இருக்கும். மைஎஸ்க்யூஎல்டம்ப் வேலையை முடித்ததும் கடைசி வரியில் முடிந்ததென்று ஒரு குறிப்பு எழுதுகிறது. அந்தக் கடைசி வரியைத் தினமும் திறந்து பார்க்கும் நிர்வாகி அரிது.

நிரல் தோற்றால் எக்ஸிட் கோட் சொல்லிவிடுமே என்பது அடுத்த நம்பிக்கை. வெறும் > குறியோடு நின்றால் அது சரி. நடைமுறையில் யாரும் அங்கே நிற்பதில்லை; இடம் மிச்சமாகட்டும் என்று நடுவே ஒரு பைப் போட்டு ஜிசிப்பைச் சேர்ப்பார்கள். பைப்பால் கோத்த வரியின் எக்ஸிட் கோட் கடைசி நிரலுடையது. டம்ப் முதல் நொடியிலேயே விழுந்திருந்தாலும், ஜிசிப் தனக்கு வந்த வெறுமையை ஒழுங்காகச் சுருக்கி, 20 பைட்டில் ஒரு செல்லுபடியாகும் கோப்பை எழுதி, வெற்றி என்று 0 தரும். இதற்குப் பைப்ஃபெயில் என்ற அமைப்பு இருக்கிறதே என்று பாஷ் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சிஸ்டம் ஃபங்ஷன் அழைப்பது பாஷை அல்ல, எஸ்ஹெச் என்ற பெயரில் அந்த இயந்திரத்தில் இருப்பதை. டெபியனிலும் உபுண்டுவிலும் அது டேஷ். போசிக்ஸ் தரத்துக்குள் பைப்ஃபெயில் வந்ததே 2024-இல்தான். டெர்மினலில் வேலை செய்ததே என்ற வாதம் முழுவதும் இந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது, ஏனென்றால் சோதித்த ஷெல் வேறு, ஓடப்போகும் ஷெல் வேறு. இதைவிடக் கொடிய உதாரணமும் உண்டு. வெளியீட்டையும் பிழையையும் சேர்த்துத் திருப்ப பாஷில் &> என்று எழுதலாம். டேஷ் அதை இரண்டாகப் பிரித்துப் படிக்கிறது: & வரைக்கும் ஒரு கட்டளை, அதைப் பின்னணியில் ஓட்டிவிடுகிறது; மிச்சம் > கோப்பு, அதைக் காலி செய்கிறது. பிறகு வேலை முடிந்ததென்று உடனே 0 தருகிறது. நிரல் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும், கோப்பு வெறுமையாக இருக்கும், செயலி வெற்றி என்று பதிவு செய்யும்.

தோல்வி கண்ணுக்குத் தெரியாமல் போவதன் விலை என்னவென்று பொதுவில் பதிவான நிகழ்வு ஒன்று காட்டுகிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் முதன்மை டேட்டாபேஸிலிருந்து தரவு தவறுதலாக அழிக்கப்பட்டது. பேக்கப்பைத் தேடிப் போனபோது அது இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. சர்வரில் இருந்தது போஸ்ட்கிரஸ் 9.6, பேக்கப் எடுக்க ஓடியது 9.2-இன் பிஜிடம்ப். பதிப்பு பொருந்தாமல் அது பிழையோடு நின்றுகொண்டிருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்கள் டிமார்க் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டதால் யார் கைக்கும் வரவில்லை. சுமார் 6 மணி நேரத் தரவு மீளவில்லை. அந்த நிறுவனம் அத்தனையையும் மறைக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது. அங்கே > குறிதான் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. துணை நிரலின் தோல்வியை அழைத்தவரே நேரடியாகக் கையில் வாங்கி, உடனே அதன் மீது முடிவெடுக்க வேண்டும் என்பதற்கு அது சான்று.

பிழைச்செய்தி தனி வழியில் வருவதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1970-களில் பெல் ஆய்வகத்தில் ஒளியச்சுக்கோப்பு இயந்திரத்துக்கு வெளியீட்டை அனுப்பியபோது, கோப்பைத் திறக்க முடியவில்லை என்பது போன்ற செய்திகளும் விலையுயர்ந்த தாளில் அச்சாகி வந்தன. அதன் பிறகே 2 என்ற டிஸ்கிரிப்டர் பிழைகளுக்கென்று ஒதுக்கப்பட்டது என்று அங்கே பணியாற்றியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இன்று எதையும் தவறவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் 2>&1 என்று எழுதி, அந்தப் பிரிவினையை நாமே அழிக்கிறோம். கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே கொடுத்தால் மைஎஸ்க்யூஎல்டம்ப் ஓர் எச்சரிக்கை எழுதும். 2>&1 இருந்தால் அந்த எச்சரிக்கை பேக்கப் கோப்புக்குள்ளேயே போய் நிற்கும். மீட்டெடுக்கும் நாளில், அது எஸ்க்யூஎல் இல்லை என்று சர்வர் மறுத்துவிடும். இதைத் தவிர்க்க இரண்டையும் ஒரே கோப்புக்குத் தனித்தனியாக > என்றும் 2> என்றும் திருப்புவோரும் உண்டு. அது இன்னும் மோசம். டென்னிஸ் ரிச்சி யூனிக்ஸின் பரிணாமத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதே இனத்துச் சிக்கலை விவரிக்கிறார். தொடக்க காலத்தில் கோப்பில் எந்த இடம்வரை எழுதியாகிவிட்டது என்ற குறிப்பு பிராசஸுக்குப் பிராசஸ் தனியாக இருந்தது. இரண்டு கட்டளைகள் கொண்ட ஒரு ஷெல் கோப்பின் வெளியீட்டைத் திருப்பியபோது, இரண்டாவது நிரல் முதலாவது எழுதியதன் மேலேயே எழுதிவிட்டது. திறந்த கோப்புகளின் இடக்குறிப்பைப் பிராசஸ்களிலிருந்து பிரித்து, பொதுவான ஓர் அட்டவணையில் வைத்துத்தான் அதைத் தீர்த்தார்கள். ஒருமுறை திறந்து பகிர்ந்துகொண்டால் இடக்குறிப்பு ஒன்றுதான்; இரண்டு முறை திறந்தால் இரண்டு இடக்குறிப்புகள், ஒன்றன் எழுத்தை மற்றொன்று மிதிக்கும். ஐம்பது ஆண்டுக்கு முன் கர்னலுக்குள் தீர்த்ததை, சரத்தில் இரண்டு குறிகளைப் போட்டு மறுபடியும் வரவழைத்துக்கொள்கிறோம்.

இப்போது மாறிலிகள் என்ற பதிலுக்கு வருவோம். 2014 செப்டம்பரில் வெளியான ஷெல்ஷாக் பிழையில் தாக்குபவர் கட்டளை வரியைத் தொடவே இல்லை. அன்றைய பாஷ் தொடங்கும்போது சூழல் மாறிகளைப் படித்து, அவற்றில் ஒளித்துவைத்ததை ஓட்டிவிட்டது. 1989 முதல் உள்ளே இருந்த குறை அது. வலைச் சர்வரின் சிஜிஐ நிரல், உலாவி அனுப்பும் தலைப்புகளைச் சூழல் மாறிகளாகவே பெறுகிறது. எஸ்ஹெச் என்பது பாஷாக இருந்த இயந்திரங்களில், முழுக்க மாறிலியான ஒரு வரியை சிஸ்டம் மூலம் ஓட்டியதே கதவைத் திறக்கப் போதுமானதாக இருந்தது. கிளைதோறும் ஒரு பேக்கப் வேண்டும் என்று நிர்வாகம் கேட்கும் நாளில் மாறிலி மாறிலியாகவே இருக்கப்போவதுமில்லை. அன்று மேற்கோளிட்டுத் தரும் ஃபங்ஷனைத் தேடுவார்கள். பிஹெச்பியில் அதன் பெயர் எஸ்கேப்ஷெல்ஆர்க். யூனிக்ஸ் இயந்திரங்களில் லோகேல் சி என்றே விடப்பட்டிருந்தால், அந்த ஃபங்ஷன் ஆஸ்கி அல்லாத பைட்டுகளை ஓசையின்றி நீக்கிவிடும். மதுரை, திருநெல்வேலி என்று தமிழில் கோப்புக்குப் பெயர் வைத்தால் இரண்டு பெயர்களுமே வெறுமையாகத் திரும்பும். தமிழில் கோப்புகளுக்குப் பெயரிடுவோர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். கோப்பை நாமே திறந்தால் அதன் பெயருக்கு மேற்கோளும் தேவையில்லை, தப்பவைப்பும் தேவையில்லை. பைட்டுகள் உள்ளபடியே கர்னலுக்குப் போகும்.

ஷெல்லை விட்டு விலகியவர்களில் ஒரு சாரார் எதிர்த்திசையில் வெகுதூரம் போய்விடுகிறார்கள். வெளியீடு முழுவதையும் பைப் வழியாக நினைவகத்தில் வாங்கி, அதைச் சரமாக்கி, பிறகு கோப்பில் எழுதுகிறார்கள். பத்து வரி தரும் கட்டளைக்கு இது பொருந்தும். ஜிகாபைட் கணக்கில் வரும் பேக்கப்புக்குப் பொருந்தாது. பைத்தானின் ஆவணமே தரவு பெரிதானால் இந்த வழியை நாடாதீர்கள் என்கிறது. நினைவகத்தைவிடப் பெரிய ஆபத்து அசையாமல் நின்றுபோவது. லினக்ஸில் ஒரு பைப் இயல்பாக 65,536 பைட்டுதான் கொள்ளும். செயலி வெளியீட்டுப் பைப்பை மட்டும் வாசித்துக்கொண்டிருக்க, துணை நிரல் பிழைப் பைப்பை நிரப்பிவிட்டால், நிரல் இடத்துக்காகக் காத்திருக்கும், செயலி நிரலுக்காகக் காத்திருக்கும், இரண்டும் நகராது. ஜாவாவின் ஆவணம் இந்த முடக்கத்தை வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. சோதனையில் சிறிய தரவு என்பதால் எல்லாம் ஓடும். உண்மைத் தரவில்தான் நிற்கும். சரமாக்கும்போது என்கோடிங் பிழை வேறு. கோப்புக்குப் போக வேண்டிய பைட்டுகளைச் செயலி தொட வேண்டிய தேவையே இல்லை. கோப்பின் டிஸ்கிரிப்டரைத் துணை நிரலிடம் கொடுத்துவிட்டால் அது நேராக அதில் எழுதும். நடுவில் பைப்பும் இல்லை, நிரம்பவும் எதுவுமில்லை.

ஆகவே நான் கேட்பது இது. பேக்கப் இருக்கப்போகும் அதே அடைவில் ஒரு தற்காலிகப் பெயரில், ஏற்கனவே இருந்தால் மறுக்கும்படியும் உரிமையாளர் மட்டும் படிக்கும்படி 0600 அனுமதியோடும் செயலி ஒரு கோப்பைத் திறக்கட்டும். (ஷெல்லின் > பெரும்பாலும் 0644 தரும், வாடிக்கையாளர் தரவு முழுவதையும் அந்த இயந்திரத்தில் கணக்கு வைத்திருக்கும் யாரும் படிக்கலாம்.) நிரலின் பெயரையும் ஆர்கியுமென்டுகளையும் பட்டியலாகக் கொடுத்து, வெளியீடாக அந்தக் கோப்பையும், பிழைக்காக வேறொரு கோப்பையும் தரட்டும். முடியும்வரை காத்திருந்து எக்ஸிட் கோடைப் பார்க்கட்டும். 0 என்றால் எஃப்சிங்க் செய்து, ரீநேம் மூலம் உண்மையான பெயரை வைக்கட்டும். ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள் ரீநேம் பிளவுபடாமல் ஒரே செயலாக நடப்பதால், அந்தப் பெயரில் இருப்பது முழுமையான பழையதாகவோ முழுமையான புதியதாகவோதான் இருக்கும். 0 இல்லையென்றால் தற்காலிகக் கோப்பை நீக்கிவிட்டு, பிழையை உரியவரிடம் சொல்லட்டும். ஒரு வரி பத்து வரியாகிறதே என்ற மறுப்பு வரும். ஆகத்தான் செய்யும். அந்த ஒவ்வொரு வரியும் ஒரு முடிவு. ஒரே வரியில் எழுதியபோது அந்த முடிவுகள் எடுக்கப்படாமல் போகவில்லை, நம்மைக் கேட்காமல் எடுக்கப்பட்டன. மொழிகளும் இதற்கு வழி செய்து வெகுநாளாகிறது: பைத்தானில் சப்பிராசஸ் 2004-இல் வந்தது, ஜாவாவின் பிராசஸ்பில்டர் 2011-இல் கோப்புக்கே நேராகத் திருப்பக் கற்றுக்கொண்டது, பிஹெச்பியின் பிராக்ஓப்பன் 2019-இல் கட்டளையைப் பட்டியலாக ஏற்றது.

ஷெல் என்பதே நிரல்களைக் கோப்பதற்காகப் பிறந்ததல்லவா, அதை ஒதுக்குவது யூனிக்ஸ் மரபுக்கு எதிரானதல்லவா என்ற கேள்வியை மதிக்கிறேன். டெர்மினலின் முன் ஒரு மனிதர் இருக்கும்போது ஷெல் அருமையான கருவி. பிழை வந்தால் அவர் பார்க்கிறார், கோப்பு காலியானால் மறுபடி ஓட்டுகிறார். இரவில் தனியாக ஓடும் செயலியிடம் அந்தக் கண்கள் இல்லை. ஜிசிப் வேண்டும் என்றால் இரண்டு நிரல்களையும் செயலியே தொடங்கி, ஒன்றன் வெளியீட்டை மற்றொன்றன் உள்ளீட்டில் இணைத்து, தன்னிடமுள்ள பைப் முனையை மூடிவிட்டு, இரண்டின் எக்ஸிட் கோடையும் தனித்தனியே பார்க்கலாம். வெளியீட்டைத் திரையில் காட்டிக்கொண்டே கோப்பிலும் எழுத வேண்டும் என்றால் பைப்பை வாசிப்பது நியாயமே. நிரலுக்கே கோப்பில் எழுதும் ஆப்ஷன் இருந்தால் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், தற்காலிகப் பெயரைக் கொடுத்து. விண்டோஸில் மைஎஸ்க்யூஎல் கையேடே அதைத்தான் பரிந்துரைக்கிறது, ஏனென்றால் விண்டோஸ் பவர்ஷெல்லின் > குறி வெளியீட்டை யூடிஎஃப்-16 ஆக மாற்றிவிடுகிறது. அந்தக் கோப்பை மறுபடி ஏற்றவே முடியாது. பவர்ஷெல் 7.4-இல்தான் வெளி நிரல்களின் பைட்டுகள் மாறாமல் கோப்புக்குப் போகத் தொடங்கின.

விண்டோஸைப் பொறுத்தவரை ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். அங்கே கிரியேட்பிராசஸ் பெறுவது பட்டியல் அல்ல, ஒரே சரம். பட்டியலாகக் கொடுத்தாலும் மொழியின் நூலகம் அதைச் சரமாக்கித்தான் அனுப்புகிறது. பேட்ச் கோப்பாக இருந்தால் சிஎம்டி நம்மைக் கேட்காமலே நடுவில் வந்துவிடும். 2024 ஏப்ரலில் ரஸ்ட் 1.77.2 அவசரமாக வெளியானது இந்த ஓட்டையை அடைக்கத்தான். பட்டியலாகக் கொடுப்பது மட்டுமே அங்கே முழுக் காப்பு ஆகாது. கோப்பைச் செயலியே திறந்து, அதன் ஹேண்டிலைத் துணை நிரலுக்குத் தரும் வசதி அங்கும் இருக்கிறது; தோல்வி இல்லை என்று பார்த்த பிறகே பெயர் மாற்றும் ஒழுங்கும் அங்கு சாத்தியம்.

எல்லாம் சரி, அந்த வரி ஐந்தாண்டாகச் சிக்கலின்றி ஓடுகிறதே, எதற்குத் தொட வேண்டும் என்பதுதான் அலுவலகங்களில் கடைசியாகவும் வலுவாகவும் கேட்கும் குரல். ஐந்தாண்டாக டம்ப் தோற்கவில்லை என்பதை மட்டுமே அது நிறுவுகிறது. தோற்றால் என்ன நடக்கும் என்பதை யாரும் இன்னும் பார்க்கவில்லை. பார்ப்பதற்குக் கால் மணி நேரம் போதும். சோதனை இயந்திரத்தில் ஒரு நல்ல பேக்கப்பை எடுத்து வையுங்கள். டேட்டாபேஸின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, செயலியின் அதே வரியை மறுபடி ஓட்டுங்கள். இன்னொரு முறை, டம்ப் பாதியில் இருக்கும்போது சர்வரை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் பழைய கோப்பு எத்தனை பைட்டாக இருக்கிறது, செயலி எதைப் பதிவு செய்தது, யாருக்குத் தகவல் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய கோப்பு அப்படியே இருந்து, செயலியும் தோல்வி என்றே சொன்னால், அந்த வரியை மாற்றச் சொல்லி நான் வற்புறுத்த மாட்டேன்.